கேஷியர் தாத்தாவின் குருவிக் கணக்கு

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு லாலி ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர் அது. சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பித்த விவசாயப் பள்ளி 1906-ல் கோவைக்கு இடம் மாறி, கல்லூரியாகி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. ஊர்க்காரர்கள் வாயில் இன்றைக்கும் அது 'அக்ரி காலேஜ்'தான். அதன் தாவரவியல் பூங்கா 'பொட்டானிக்கல் கார்டன்'.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் அங்கே குழந்தைகள் சத்தத்தில் ஒரு குருவியும் கண்ணில் படாது. காலையில் போக வேண்டும். ஒரு பக்கம் பெரிய மரங்கள், இன்னொரு பக்கம் பல்கலைக்கழகத்தின் வயல்கள், மேற்கே மருதமலை. காட்டுப் பறவைக்கும் இடம் உண்டு, வயல் பறவைக்கும் இடம் உண்டு. தாவரவியல் தோட்டம் என்றால் ஒரே மரத்தை நூறு நட மாட்டார்கள், நூறு வகை மரத்தை நடுவார்கள். அதனால் வருஷத்தின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கும், ஏதாவது ஒன்று பழுத்திருக்கும். பறவைகளுக்கு அது மூடாத மெஸ் மாதிரி!

அந்தத் தோட்டத்துக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் ஒரு தாத்தா. பெயர் வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்கிற அக்காக்கள் கூப்பிடுகிற மாதிரி 'கேஷியர் தாத்தா' என்றே வைத்துக்கொள்ளலாம். வங்கியில் காசாளராக இருந்து 2004-ல் ஓய்வு பெற்றவர். வீடு பக்கத்தில், பி.என்.புதூரில். 'சாயங்காலம் கேஷ் டாலி ஆகாம ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லைங்க' என்பது அவருடைய பெருமை. ஒருமுறை பத்து ரூபாய் குறைந்ததற்காக ராத்திரி ஒன்பதரை மணி வரை உட்கார்ந்து தேடினாராம். கூட வேலை பார்த்தவர் தன் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்து நீட்டியதற்கு, 'கைக்காசப் போட்டு நேர் பண்றது கணக்கு இல்லீங்க, பொய்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இந்தக் கதையை அவர் நடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். சிலருக்கு நாலைந்து தடவை.

அவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது ஓய்வு பெற்ற அதே வருஷம் அக்டோபரில். ஒரு புதருக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி. முதுகு பச்சை, வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம். யாரோ வளர்க்கிற பறவை கூண்டிலிருந்து தப்பி வந்துவிட்டது என்று நினைத்தார். தோட்டக்கார அக்கா சிரித்தாராம். 'இது ஆறுமணிக்குருவிங்க. வருசா வருசம் வரும்.'

காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கத்துவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. அறுபது வருஷம் அதே ஊரில் இருந்தவருக்கு, வருஷா வருஷம் வருகிற விருந்தாளியைத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகிவிட்டது. சலீம் அலியின் பறவைப் புத்தகம் ஒன்று வாங்கினார். பைனாகுலர் வாங்கினார். 2005 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு நீளமான நோட்டு போட்டார்.

நோட்டு என்றால் சாதாரண நோட்டு இல்லை. காசாளர் போடுகிற நோட்டு! தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எந்த வழியாக நடந்தார் என்பதெல்லாம் மேலே. கீழே பறவையின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பத்தி. ஒன்றில் 'கண்', இன்னொன்றில் 'காது'. பார்த்தது ஒன்று, சத்தம் மட்டும் கேட்டது ஒன்று. 'ரொக்கமும் செக்கும் ஒரே பத்தியில வருமுங்களா?' என்பது அவர் கேட்ட கேள்வி. வருஷத்துக்கு ஒரு நோட்டு. 2023 முடியும்போது பத்தொன்பது நோட்டு.

இந்தக் கதை அந்த இரண்டு பத்திகளைப் பற்றியதுதான்.

* * *

2024 பிப்ரவரி. 'கேம்பஸ் பேர்ட் கவுண்ட்' என்று ஒன்று வருஷா வருஷம் நடக்கிறது. உலகம் முழுக்க பிப்ரவரியில் நாலு நாள் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி. இந்தியா அதில் 2013 முதல் கலந்துகொள்கிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையிலும் இதேபோல ஒன்று நடக்கிறது.

அக்ரி காலேஜில் படிக்கிற தோழி கூப்பிட்டாள் என்பதற்காக நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு பெண் அன்றைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். காக்கை, மைனா, மயில், கிளி. இதைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தோழி வேறு குழுவோடு போய்விட, இவள் கையில் போனோடு ஒரு மாமரத்தடியில் நின்றிருந்தாள். பக்கத்துக் கல்பெஞ்சில் தாத்தா நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

'என்ன கண்ணு, எத்தன எண்ணியிருக்கற?'

'ஏழுங்க தாத்தா. மேல ஏதோ சிக் சிக்னு கத்திட்டே இருக்கு. அது மட்டும் என்னன்னு தெரியல.'

தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டார். 'ஒண்ணும் கத்தலையே.'

'இல்லீங்க தாத்தா, இப்பக்கூட... கேக்குது பாருங்க.'

'அணிலா இருக்கும்' என்றவர், 'அணிலும் கத்தலையே' என்று தானே சேர்த்துக்கொண்டார்.

அவள் போனில் 'மெர்லின்' செயலி இருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் தயாரித்தது. சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் வசதி அதில் 2021-ல் வந்தது. பதிவு ஓடும்போது திரையில் சத்தத்தின் படமும் ஓடும். கனமான சத்தம் திரையின் அடியில் கோடாகத் தெரியும், மெல்லிய கூர்மையான சத்தம் மேலே தெரியும். தூரத்தில் ஒரு செம்போத்து கூப்பிட்டது. திரையின் அடியில் தடித்த கோடுகள். தாத்தா உடனே, 'செம்போத்து' என்றார். சரிதான். ஆனால் திரையின் மேல்பகுதியில் சின்னச் சின்னக் கீற்றுகள் விடாமல் விழுந்துகொண்டே இருந்தன. கீழே ஒரு பெயர் வந்தது. பேல்-பில்டு ஃப்ளவர்பெக்கர்.

'பூங்கொத்தி' என்றார் தாத்தா. குரல் மாறிவிட்டது. 'அது இங்க இல்லையே கண்ணு. போயி நாலஞ்சு வருசமாச்சே.'

அவள் மேலே கை காட்டினாள். கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. மாங்கிளையில் ஒட்டிப் படர்ந்திருந்த புல்லுருவியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பைனாகுலரில் பார்த்த தாத்தாவுக்கு வாய் திறப்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. டிவியில் சவுண்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிற மாதிரி.

போனைக் கையில் வாங்கி அந்தக் கீற்றுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

அவருக்கு அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், அந்த நேரத்தில் அவர் ஒரு கடிதம் எழுதி முடித்திருந்தார். பத்திரிகைக்கு. கோவையில் சிறு குருவிகள் அழிந்து வருகின்றன, பத்தொன்பது வருஷக் கணக்கு கையில் இருக்கிறது என்று நாலு பக்கம். கூட நடக்கிறவர்களிடம் இரண்டு மூன்று வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். செல்போன் டவரால்தான் என்று ஒருவர் சொல்ல, மருந்தடிப்பதால் என்று இன்னொருவர் சொல்ல, தாத்தா நோட்டைப் புரட்டி எண்களைக் காட்டுவார். எண் இருக்கிறதே! எண்ணை யார் மறுப்பது?

பூங்கொத்தி கேட்காமல் போன அன்றைக்கு அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றுதான். 'நீ காமர்ஸ்தானே படிக்கற? என் கணக்க ஒருக்கா ஆடிட் பண்ணித் தருவியா?'

அடுத்த ஞாயிறு அவள் பி.என்.புதூர் வீட்டுக்கு லேப்டாப்போடு போனாள். கூடத்து மேஜையில் பத்தொன்பது நோட்டும் வரிசையாக அடுக்கியிருந்தது. தாத்தா வாசிக்க, அவள் எக்செல்லில் ஏற்ற, மதியம் ஆகிவிட்டது. சமையலறையிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார். மெல்லிய குரல்.

'இன்னைக்கு என்னங்க பாத்தீங்க?'

தாத்தா நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பாட்டி பதிலுக்கு நிற்கவும் இல்லை. உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. கோபத்தில் இருக்கிறார்களோ? தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குப் போனாள்.

'தாத்தாகிட்ட ஏதோ கேட்டீங்களே பாட்டி, நான் சொல்லட்டுங்களா?'

'வேண்டாம் கண்ணு. அது சும்மா. கல்யாணமானதுல இருந்து சாயங்காலம் வந்தா, இன்னைக்கு பேங்க்ல என்னங்கன்னு கேப்பேன். அப்புறம் இந்தக் குருவி வந்துது. அதையும் கேக்கறேன். முன்னெல்லாம் உக்கார வெச்சு ஒரு மணி நேரம் சொல்லுவாரு. இப்ப நாலு வருசமா பதில் வர்றதில்ல. பழக்கதோசம், கேட்டுட்டுத்தான் இருக்கேன்.'

'காது கேக்கலைன்னு...'

'தெரியும் சாமி. சொன்னா ஒத்துக்கணுமில்ல? பையன் பெங்களூர்ல இருந்து எத்தனை தடவை சொன்னான். எல்லாருந்தான் முணுமுணுக்கறீங்க, எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்கறாரு. கத்திக் கத்திப் பேசினா சண்டை போடற மாதிரி இருக்குது. அதான் விட்டுட்டேன்.'

அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் மீதி நோட்டுகளை ஏற்றினாள்.

* * *

பி.காம். படித்தவர்களுக்கு 'பிழைத் திருத்தம்' என்ற பாடம் நினைவிருக்கும். பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடும். அதில் விடுபிழை என்று ஒரு வகை. ஒரு நடவடிக்கையை மொத்தமாகவே ஏட்டில் எழுதாமல் விட்டுவிட்டால், இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்காது. பற்றும் வரவும் சமமாகவே நிற்கும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். வெளியிலிருந்து வேறொரு ஆதாரம் வந்தால்தான் மாட்டும்.

தாத்தாவின் கணக்கில் இருந்தது அதுதான். தவறாக ஒரு எண்கூட எழுதவில்லை. கேட்காததை எழுதவில்லை, அவ்வளவே.

எக்செல்லில் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. 2006 டிசம்பரில் 31 நாளில் 26 நாள் பூங்கொத்தி இருந்திருக்கிறது. அதில் கண் 3, காது 23. 2014 டிசம்பரில் மொத்தம் 14. 2019 டிசம்பரில் இரண்டே நாள், இரண்டும் கண். அதற்குப் பிறகு பூஜ்யமும் ஒன்றுமாக ஓடுகிறது. காதுப் பத்திதான் தேய்ந்திருந்தது. கண் பத்தி முன்பும் சின்னது, பின்பும் சின்னது.

குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருகிற பச்சை இலைக் கதிர்க்குருவியும் அப்படியே. பத்து கிராமுக்கும் குறைந்த எடை, இலை நிறம், உச்சாணிக் கிளை. அதைக் கண்ணால் தேடுகிறவர் கழுத்து வலியோடுதான் வீட்டுக்குப் போவார். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்ன மின்சிட்டும் அதே கதை. மூன்றுக்கும் மெல்லிய கூர்மையான குரல்.

ஆனால் செம்போத்து? 2006 டிசம்பரில் 22 நாள், 2023 டிசம்பரில் 24 நாள். கிட்டத்தட்ட எல்லாமே காதுப் பத்தியில். குயில், குக்குறுவான் இவற்றிலும் மாற்றமில்லை. இவையெல்லாம் கனமான குரல்கள். மொத்தக் காதும் போய்விடவில்லை. மேல்ஸ்தாயி மட்டும் போயிருக்கிறது.

இது தாத்தாவுக்கு மட்டும் வந்த வியாதியல்ல. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிர்ச் செல்கள். குழாயின் வாசலில் இருக்கிற செல்கள் கூர்மையான சத்தத்தைப் பிடிக்கின்றன, உள்ளே போகப் போகக் கனமான சத்தம். வயதானால் முதலில் சேதமாவது வாசலில் இருப்பவை. மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பறவைகளுக்கு முளைக்கும்! காது செல்கள் அழிந்தாலும் பறவைகளுக்குப் புதிதாக வளர்கின்றன என்பதை 1980-களின் பிற்பாதியில் கண்டுபிடித்தார்கள்.

பறவை எண்ணுகிறவர்களுக்கும் இது புதிய பிரச்னையல்ல. வட அமெரிக்காவில் 1966 முதல் வருஷா வருஷம் சாலையோரம் நின்று பறவைகளைப் பார்த்தும் கேட்டும் எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர்களுக்கும் வயதாகிறதே, அவர்கள் காது கணக்கைக் குறைத்துக் காட்டுகிறதா என்று அங்கே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

தாத்தா திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு 2015-ஆம் வருஷத்து நோட்டை எடுத்துப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'மாமரங்களில் புல்லுருவி அதிகமாகிவிட்டதாகத் தோட்டக்கார அம்மா குறைப்படுகிறார்.' 2018-லும் அதே மாதிரி ஒரு குறிப்பு. 2022-லும்.

புல்லுருவியைப் பரப்புவதே பூங்கொத்திதான். பழத்தைத் தின்று, பிசின் மாதிரி ஒட்டுகிற விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அங்கே அது முளைக்கும். புல்லுருவி பெருகுகிறது என்றால் பூங்கொத்தி இருக்கிறது என்று அர்த்தம். ஆதாரம் அவர் கையெழுத்திலேயே, அவர் நோட்டிலேயே இருந்திருக்கிறது.

'அப்ப நாலு வருசமா ஊர் பூராப் பொய் சொல்லிட்டு இருந்திருக்கறேன்' என்றார்.

'பொய் இல்லீங்க தாத்தா. விடுபிழை.'

அவர் சிரிக்கவில்லை.

* * *

எல்லாமே காதுதான் என்று முடித்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். ஆனால் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. பனங்காடை.

வயலோரக் கம்பியில் உட்கார்ந்து, பறக்கும்போது இறக்கையில் இரண்டு நீலத்தைக் காட்டுகிற பறவை. புறா அளவு. அதை யாரும் காதால் தேட வேண்டாம், கம்பியில் தானாகவே தெரியும். 2005 ஜனவரியில் 19 நாள் பார்த்திருக்கிறார். 2023 ஜனவரியில் 4 நாள். எல்லாம் கண் பத்தி. தாத்தாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பார்வை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. இந்தக் குறைவைக் காதின் தலையில் போட முடியாது.

2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள் ஏற்றிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு அவசரமாகப் பாதுகாப்பு தேவை என்று சொன்னது. குறைந்துவருவதாக அது கவலைப்பட்ட பறவைகளில் பனங்காடையும் ஒன்று. மயில் பெருகுகிறது என்றும் அதே மாதிரி ஆதாரங்கள் சொல்கின்றன. கோவைக்காரர்களுக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வாசலில் வந்து நிற்கிறது.

ஆக, தாத்தாவின் கடிதத்தில் பாதி பொய், பாதி நிஜம். எது எது என்று பிரித்தது அந்த இரண்டு பத்திகள். பார்த்ததையும் கேட்டதையும் ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதியிருந்தால் இன்றைக்கு எதையும் பிரிக்க முடியாது. பத்தொன்பது நோட்டையும் பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டியதுதான்.

அவர் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. பூங்கொத்தி, கதிர்க்குருவி, மின்சிட்டு பற்றிய மூன்று பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். பனங்காடை பற்றிய ஒரு பக்கம் மிஞ்சியது.

மார்ச்சில் ஒரு காது டாக்டரிடம் போனார். யாரும் வற்புறுத்தவில்லை, அவராகவே போனார். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கடைசியில் கொடுத்த தாளில் கோடு இடதுபக்கம் கொஞ்ச தூரம் சமமாக ஓடி, வலதுபக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்கியிருந்தது. அதற்கு முந்தின வாரம் லேப்டாப்பில் பார்த்த அதே சரிவு.

டாக்டர் விளக்கினார். பேச்சில் உயிரெழுத்துகள் கனமான சத்தம். ச, ஸ, ஃப போன்றவை கூர்மையான சத்தம். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. எல்லோரும் முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். பெண்கள், குழந்தைகள் குரலும், மெதுவாகப் பேசுகிறவர்கள் குரலும் இன்னும் கஷ்டம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் தாத்தா அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். கணக்கைப் பற்றி ஏதோ பேசிவிட்டு, நடுவில் கேட்டார்.

'அம்மிணி, நீ வீட்டுக்கு வந்தப்ப அவ எங்கிட்ட ஏதாவது பேசினாளா?'

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தாள். சொன்னாள்.

'நாலு வருசமா?'

'பாட்டி அப்படித்தாங்க தாத்தா சொன்னாங்க.'

'அவ பேசறத நிறுத்திட்டான்னு நெனச்சுட்டு இருந்தேன்' என்றார். ஆட்டோ இரைச்சலில் மற்றது அவளுக்குக் கேட்கவில்லை.

* * *

காது மெஷின் மாட்டிய முதல் வாரம் நரகம். செருப்புச் சத்தம், சருகுச் சத்தம், பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கிற சத்தம், சமையலறையில் தட்டு வைக்கிற சத்தம், எல்லாம் தலைக்குள் இடித்தது. தோட்டத்துக்குப் போனால் எல்லாக் குருவியும் கேட்கும் என்று நினைத்துப் போனவருக்கு முதல் நாள் பூங்கொத்தி கேட்கவில்லை. ஆறாவது நாள் கேட்டது. அல்லது கேட்ட மாதிரி இருந்தது. நோட்டில் காதுப் பத்தியில் ஒன்று போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். இலைக் கதிர்க்குருவி வடக்கே திரும்பிப் போகும் நேரம் அது. அதைக் கேட்க அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்தது. சில நாள் கேட்கிறது, சில நாள் இல்லை. போன செல்கள் போனதுதான், மெஷினால் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட முடியும்.

பழைய நோட்டுகளில் அவர் ஒரு எண்ணையும் அடிக்கவில்லை. கணக்கு எழுதியவர்கள் அடிக்க மாட்டார்கள், பிழையை அப்படியே விட்டுத் திருத்தப் பதிவுதான் போடுவார்கள். 2015 முதல் 2023 வரை ஒன்பது நோட்டின் கடைசிப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே வாசகம்: 'பூங்கொத்தி, இ.க.குருவி, மின்சிட்டு மூன்றின் காதுப் பத்தி நம்பத்தக்கதல்ல. காரணம் எழுதியவர் காது.' கீழே கையெழுத்து, தேதி.

அந்தப் பெண் இப்போது வாரம் ஒருமுறை வந்து பழைய நாட்களை ஒவ்வொன்றாக இ-பேர்டில் ஏற்றுகிறாள். பழைய தேதிகளையும் ஏற்றலாம். நேரமும் வழியும் எழுதியிருப்பதால் எல்லாம் பொருந்துகிறது. ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும் அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்கும். உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? இதற்கு 'ஆமாம்' போடலாமா என்று தாத்தா இரண்டு நாள் யோசித்தார். முடிந்ததை எல்லாம் எழுதியிருக்கிறார், அதனால் 'ஆமாம்'தான். ஆனால் 2015-க்குப் பிந்தைய ஒவ்வொரு பட்டியலிலும் குறிப்புப் பகுதியில் அந்தச் சிவப்பு மை வாசகத்தையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். நாளைக்கு யாராவது ஒரு ஆராய்ச்சி மாணவர் கோவையில் பூங்கொத்தி அழிந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாதே.

ஒரு ஞாயிறு மதியம். வழக்கம்போலக் கூடத்தில் நோட்டும் லேப்டாப்பும். சமையலறையிலிருந்து பாட்டி, 'இன்னைக்கு என்னங்க பாத்தீங்க?' என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் அப்படியே திரும்பினார்.

'இரு இரு, போகாத' என்றார் தாத்தா. 'பாத்தது ஒண்ணுமில்ல. கேட்டது ஒண்ணு இருக்குது. வந்து உக்காரு.'

பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எக்செல்லில் ஒரு வரிகூட ஏறவில்லை. அந்தப் பெண் நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதும் தாத்தா பேசிக்கொண்டுதான் இருந்தார். பத்து ரூபாய் கதையைப் பாட்டிக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பி.கு.: உங்கள் வீட்டில் யாராவது 'எல்லாரும் முணுமுணுக்கறாங்க' என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். விடிகாலையில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மரத்தடியில் நிற்க வையுங்கள். உங்களுக்கு என்னென்ன கேட்கிறது, அவர்களுக்கு என்னென்ன கேட்கிறது என்று இரண்டு பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.